ஓட ஓடச் சரியாகுமா?

மோட்டார் சைக்கிள் சர்வீஸ் சென்டர்களில் ஒரு நாளைக்கு இருபது முறையாவது கேட்கும் வாக்கியம், ‘ஓட ஓடச் சரியாயிடும் சார்!’ முதல் கியர் போட்டால் ‘டொக்’ என்று இடிக்கிறது, நியூட்ரலில் நிற்கும்போது உள்ளே என்னவோ கடகடக்கிறது, எண்பதில் போனால் சன்னமாக ஓர் ஊளை கேட்கிறது. புது வண்டிக்காரர் எதைச் சொன்னாலும் பதில் அதுதான். அந்தப் பதில் பொய் இல்லை. ஆனால், முழு உண்மையும் இல்லை. சில சத்தங்கள் ஓட ஓடக் குறையும். சில சத்தங்கள் வண்டியின் பிறவிக்குணம், விற்கிறவரை கூடவே வரும். வேறு சில, ஓட ஓட வளரும்; அவற்றுக்குக் காது பழகிவிட்டால் பர்ஸும் பழகிக்கொள்ள வேண்டியதுதான்.

டூரிங் வண்டி வாங்குகிறவர்களுக்கு இந்தக் குழப்பம் கூடுதலாகவே இருக்கிறது. சேமித்துச் சேமித்து வாங்கிய பெரிய வண்டி, கார் மாதிரி அமைதியாக இருக்கும் என்று எதிர்பார்க்கிறார்கள். ஹோண்டா கோல்டுவிங், பிஎம்டபிள்யூ ஜிஎஸ், யமஹா எஃப்ஜேஆர் 1300 என உலகம் சுற்றிய வண்டிகளானாலும், சென்னையைச் சுற்றியுள்ள தொழிற்சாலைகளில் இருந்து வரும் ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் ஆனாலும், முதல் சில நூறு கிலோமீட்டரில் உரிமையாளர்கள் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: இந்தச் சத்தம் இயல்பானதா, கோளாறா?

இதற்குப் பதில் சொல்ல, சத்தத்தின் அளவைப் பார்த்துப் பயனில்லை. காதைத் துளைக்கும் சத்தம் முழு ஆரோக்கியத்தின் அடையாளமாக இருக்கலாம். கேட்டும் கேட்காததுமான ஒரு முனகல் பேரிங் போய்க்கொண்டிருப்பதைச் சொல்லலாம். அது எப்போது வருகிறது, எதைச் செய்தால் நிற்கிறது என்பதில்தான் விடை இருக்கிறது.

கார் கியர்பாக்ஸும் பைக் கியர்பாக்ஸும்

காரிலும் பைக்கிலும் கியர்கள் எப்போதும் ஒன்றோடொன்று கோத்தபடியே சுற்றுகின்றன. நாம் கியர் மாற்றும்போது பற்சக்கரங்களைக் கோப்பதில்லை. ஏற்கெனவே கோத்துச் சுற்றும் ஜோடிகளில் எந்த ஜோடி ஷாஃப்ட்டோடு சேர்ந்து சுற்ற வேண்டும் என்பதைத்தான் மாற்றுகிறோம். வித்தியாசம் அதற்குப் பிறகு வருகிறது. காரில், சேரப்போகும் இரண்டு பாகங்களின் வேகத்தையும் முதலில் சமப்படுத்த ‘சிங்க்ரோமெஷ்’ என்ற உராய்வு வளையம் இருக்கிறது. வேகம் சமமான பிறகே பூட்டு விழும். அதனால்தான் காரில் கியர் வெண்ணெய் மாதிரி விழுகிறது.

பைக்கில் பெரும்பாலும் அந்த வளையம் கிடையாது. பற்சக்கரத்தின் பக்கவாட்டில் துருத்திக்கொண்டு நிற்கும் கட்டைகள், அடுத்த பற்சக்கரத்தில் இருக்கும் குழிகளுக்குள் நேராகப் போய் விழுகின்றன. மெக்கானிக்குகள் இவற்றை ‘டாக்’ என்பார்கள். ஓடுகிற பஸ்ஸில் தாவி ஏறுவதைப் போன்ற வேலை இது: இரண்டு பக்கமும் வேகம் நெருக்கமாக இருந்தால் கால் மெதுவாகப் பதியும், இல்லாவிட்டால் தடுக்கும். இந்த அமைப்பு சின்னது, எடை குறைவானது, கால் விரல் நுனியில் நொடிப்பொழுதில் கியர் மாற்ற உதவுவது. அதற்குக் கொடுக்கும் விலை, சத்தம்.

டாக் உள்ளே விழ வேண்டுமானால் குழி அதைவிடச் சற்று அகலமாக இருக்க வேண்டும். குழி அகலமாக இருந்தால் கியர் சுலபமாக விழும். ஆனால், த்ராட்டிலை மூடித் திறக்கும்போதெல்லாம் அந்த இடைவெளிக்குள் டாக் முன்னும் பின்னும் போய் இடிக்கும். குழியைக் குறுக்கினால் இடி குறையும். கியர் விழ அடம்பிடிக்கும். எந்த நிறுவனத்தின் பொறியாளரானாலும் இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கோ ஓர் இடத்தில்தான் நிற்க முடியும். புது வண்டியின் ‘டொக்’ சத்தத்தில் பாதி, அவர் நின்ற இடத்தின் சத்தம்.

முதல் கியரின் இடி

புது உரிமையாளர்களின் புகார்ப் பட்டியலில் முதலிடம் இதற்குத்தான். காலையில் வண்டியை ஸ்டார்ட் செய்து, கிளட்ச்சைப் பிடித்து, முதல் கியரை மிதித்ததும் சுத்தியலால் அடித்தது போல ஒரு சத்தம். சில வண்டிகள் ஓர் அங்குலம் முன்னால் தாவவும் செய்யும்.

உள்ளே நடப்பது இது. பெரும்பாலான பைக்குகளில் இருப்பது எண்ணெயில் மூழ்கியபடி இயங்கும் பல தட்டுக் கிளட்ச். லீவரைப் பிடித்தால் தட்டுகள் விலக வேண்டும். ஆனால், இரவு முழுக்க நின்ற வண்டியில் ஆயில் குளிர்ந்து தடித்திருக்கும். அது தட்டுகளை ஒட்டவைத்த மாதிரி பிடித்துக்கொள்ளும். லீவரைப் பிடித்த பிறகும் இன்ஜின் கியர்பாக்ஸின் உள்வரும் ஷாஃப்ட்டைச் சுற்றிக்கொண்டே இருக்கிறது. வெளிச்செல்லும் ஷாஃப்ட்டோ சக்கரத்தோடு இணைந்து அசையாமல் நிற்கிறது. சுற்றும் டாக், நிற்கும் குழியில் விழும்போது எழுவதுதான் அந்த இடி. போதாததற்கு, குளிர்ந்த இன்ஜின் தானாகவே ஐடிலைக் கொஞ்சம் உயர்த்தி ஓடும். வேக வித்தியாசம் அதனால் இன்னும் கூடுகிறது.

இதைக் குறைக்க வழிகள் உண்டு. எதற்கும் காசு செலவில்லை. இன்ஜினை ஸ்டார்ட் செய்வதற்கு முன்பே கியரில் போட்டு, கிளட்ச்சைப் பிடித்தபடி வண்டியை முன்னும் பின்னும் இரண்டு முறை உருட்டினால் ஒட்டிய தட்டுகள் பிரியும். ஸ்டார்ட் செய்தபின் ஐடில் இறங்கும்வரை பொறுக்கலாம். கிளட்ச்சைப் பிடித்த உடனே மிதிக்காமல் இரண்டு மூன்று விநாடி காத்திருந்தால் உள்வரும் ஷாஃப்ட்டின் வேகம் தணிந்துவிடும். நியூட்ரலில் த்ராட்டிலை முறுக்கிவிட்டுக் கியர் போடும் பழக்கம் உள்ளவர்கள், தங்கள் வண்டியைத் தாங்களே இடிக்கவைக்கிறார்கள். சிக்னலை நெருங்கும்போது, முற்றிலும் நின்ற பிறகு முதல் கியருக்கு வருவதைவிட, உருண்டுகொண்டிருக்கும்போதே வந்துவிடுவது நல்லது. அப்போது இரண்டு பக்கமும் சுற்றிக்கொண்டிருப்பதால் இடி மென்மையாகும்.

லீவரில் ஃப்ரீ ப்ளே சரியாக இருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். கேபிள் கிளட்ச் உள்ள பல வண்டிகளில் லீவர் நுனியில் 10 முதல் 20 மில்லிமீட்டர்வரை தளர்வு கேட்பார்கள். அதைவிடத் தளர்ந்திருந்தால் கிளட்ச் முழுதாகப் பிரியாது. புது வண்டியில் கேபிள் கொஞ்சம் நீள்வது சகஜம் என்பதால், ‘டெலிவரி எடுத்தபோது நன்றாகத்தான் விழுந்தது, இப்போது கியர் ஹார்டாகிவிட்டது’ என்ற புகாருக்குப் பல நேரங்களில் அட்ஜஸ்டர் ஒன்றைத் திருகினாலே போதும்.

இத்தனையும் செய்து, இன்ஜின் நன்றாகச் சூடான பிறகும், ஒவ்வொரு முறையும் வண்டி தாவிக்கொண்டே கியரில் விழுகிறது என்றால் அது பழகிக்கொள்ள வேண்டிய விஷயம் அல்ல.

லீவரைப் பிடித்தால் யார் வாயடைக்கிறார்கள்?

அடுத்த புகார், நியூட்ரலில் கேட்கும் கடகடப்பு. இதைக் கண்டுபிடிக்கக் கருவி எதுவும் வேண்டாம். இன்ஜின் ஐடிலில் ஓடும்போது கிளட்ச் லீவரைப் பிடித்து விட்டால் போதும்.

பிடித்ததும் சத்தம் அடங்கினால், அது கியர்பாக்ஸுக்குள் இருந்து வருகிறது. நியூட்ரலில் கிளட்ச்சை விட்டிருக்கும்போது உள்வரும் ஷாஃப்ட்டும் அதோடு கோத்த எல்லாப் பற்சக்கரங்களும் சுமையே இல்லாமல் சுற்றுகின்றன. இன்ஜினின் ஒவ்வொரு வெடிப்புக்கும் வேகம் கூடிக் குறைவதால், சுமையில்லாத பற்கள் ஒன்றையொன்று தட்டிக்கொள்கின்றன. கியரில் போட்டு ஓட்டத் தொடங்கியதும் சுமை ஏறி, தட்டல் நின்றுவிடும். இரண்டு பெரிய சிலிண்டர்களை வைத்து ஐடிலில் மெதுவாக ஓடும் பெரிய டூரிங் வண்டிகளில் இது இயல்பு. பழைய பிஎம்டபிள்யூ பாக்ஸர்களில், தனிப் பெட்டியாக இருந்த கியர்பாக்ஸும் எண்ணெய் படாத ஒற்றைத் தட்டுக் கிளட்ச்சும் சேர்ந்து இந்தக் கடகடப்பை நன்றாகவே கேட்கவைக்கும்.

இதற்கு நேர் எதிரானது பழைய டுகாட்டி. அதில் பல தட்டுகள் கொண்ட, எண்ணெய் படாத கிளட்ச். லீவரைப் பிடித்தால்தான் தட்டுகள் விடுபட்டு, தங்களைத் தாங்கும் கூடையின் பற்களில் மோதி, தகர டப்பாவில் கூழாங்கல்லைப் போட்டு ஆட்டியது போலச் சத்தம் எழும். லீவரை விட்டால் அடங்கும். டுகாட்டியின் ரசிகர்கள் அந்தச் சத்தத்துக்காகவே கிளட்ச்சின் மூடியில் துளை போட்டு ஓட்டியிருக்கிறார்கள். தொலைதூரம் போகிறவர்களின் தேவை வேறு. 2010-ல் வந்த மல்ட்டிஸ்ட்ராடா 1200 எண்ணெய்க் கிளட்ச்சோடுதான் வந்தது. பிஎம்டபிள்யூவும் 2013-ல் தண்ணீர் குளிர்ச்சியுள்ள ஆர் 1200 ஜிஎஸ்ஸைக் கொண்டுவந்தபோது ஒற்றைத் தட்டைக் கைவிட்டு, எண்ணெயில் ஓடும் பல தட்டுக் கிளட்ச்சுக்கு மாறியது. கியர்பாக்ஸையும் இன்ஜின் கூட்டுக்குள்ளேயே கொண்டுவந்துவிட்டது.

ஆக, இரண்டு வண்டிகளிலும் ஏறக்குறைய ஒரே மாதிரியான கடகடப்பு. ஒன்றில் லீவரைப் பிடித்தால் நிற்கிறது, மற்றதில் பிடித்தால் தொடங்குகிறது. இரண்டுமே இயல்பு. பாக்ஸரில் இருந்து டுகாட்டிக்கு மாறுகிறவர் பயந்துபோவதும், டுகாட்டியில் இருந்து பாக்ஸருக்கு வருகிறவர் பயந்துபோவதும் இதனால்தான்.

ஊளையின் கணக்கு

சத்தங்களிலேயே அதிகம் எரிச்சலூட்டுவது, நெடுஞ்சாலையில் ஒரே வேகத்தில் போகும்போது கேட்கும் ‘உய்ய்ங்’ என்ற ஊளை. பைக் கியர்களில் பெரும்பாலும் பற்கள் ஷாஃப்ட்டுக்கு இணையாக நேராக வெட்டப்பட்டிருக்கும். ஒரு பல் தன் முழு அகலத்தோடும் ஒரே நேரத்தில் அடுத்த பல்லைத் தொடும், ஒரே நேரத்தில் விடும். காரின் முன்னோக்கிய கியர்களில் பற்கள் சாய்வாக வெட்டப்பட்டிருப்பதால், ஒரு முனையில் தொட்டு மறுமுனைக்கு வழுக்கிப் போகும்; சத்தம் குறையும். மேனுவல் கார்கள் பலவற்றில் ரிவர்ஸ் கியர் மட்டும் நேர்ப்பல் என்பதால், வண்டியைப் பின்னால் எடுக்கும்போது ஊளையிடுவதைக் கேட்கலாம். பைக்காரர்கள் அந்த ரிவர்ஸ் கியரின் குடும்பத்தில்தான் வாழ்கிறார்கள்.

இந்த ஊளையின் சுருதியைக் கணக்குப் போட்டே சொல்லிவிடலாம். முப்பது பற்கள் உள்ள ஒரு சக்கரம் நிமிடத்துக்கு 4,000 முறை சுற்றினால், விநாடிக்கு 2,000 முறை பல்லோடு பல் சேர்கிறது. அதாவது 2,000 ஹெர்ட்ஸ். மனிதக் காது மிகவும் கூர்மையாகக் கேட்பது ஏறத்தாழ 2,000 முதல் 5,000 ஹெர்ட்ஸ்வரை உள்ள பகுதியை. நெடுஞ்சாலை வேகத்தில் இன்ஜின் ஓடும் ஆர்.பி.எம்., கியரின் ஊளையைக் கொண்டுபோய்ச் சரியாக அந்த இடத்தில் நிறுத்துகிறது. இன்ஜினின் உறுமலை மறந்துவிடும் காது, அதைவிடப் பல மடங்கு பலவீனமான ஊளையை விடாமல் பிடித்துக்கொள்வதற்குக் காரணம் இதுதான்.

ஊளை வண்டிக்கு வண்டி மாறும். ட்ரையம்ஃபின் மூன்று சிலிண்டர் இன்ஜின்களுக்கு இந்த ஊளை கிட்டத்தட்ட முத்திரையாகவே ஆகிவிட்டது. சிலர் அதை ஜெட் விமானம் என்று ரசிக்கிறார்கள், சிலர் சர்வீஸ் சென்டருக்குப் போகிறார்கள். யமஹா வேறு வழியைத் தேர்ந்தெடுத்தது. 2001-ல் ஐந்து கியரோடு அறிமுகமான எஃப்ஜேஆர் 1300, 2016-ல் ஆறு கியர் பெற்றபோது சாய்ந்த பற்களும் சேர்ந்து வந்தன. கேட்பதற்குச் சின்ன மாற்றம் போலத் தெரியும். ஆனால், சாய்ந்த பல் சுமை ஏறும்போது பக்கவாட்டிலும் தள்ளும். வழக்கமான பைக் கியர்பாக்ஸில் பற்சக்கரமே ஷாஃப்ட்டின் மேல் நகர்ந்து டாக்கைக் கோக்கும். பக்கவாட்டில் தள்ளும் சக்கரத்தை அப்படி நகரவிட முடியாது. எனவே டாக்கை மட்டும் தனி வளையமாக்கி நகர்த்த வேண்டியிருந்தது. அமைதி வேண்டுமென்றால் கியர்பாக்ஸையே புதிதாக வரைய வேண்டும் என்பதற்கு இது நல்ல உதாரணம். பிஎம்டபிள்யூவும் 2004-ன் ஆர் 1200 ஜிஎஸ்ஸில் சாய்ந்த பற்களைப் பயன்படுத்தியது.

இப்படிப்பட்ட ஊளை ஓட ஓடக் குறையுமா? கொஞ்சம் குறையலாம், புதுப் பற்களின் மேற்பரப்பு ஒன்றையொன்று தேய்த்து வழவழப்பாகும். ஆனால், பல்லின் வடிவம் மாறாதவரை சுருதி மாறாது. ஆறு மாதம் கழித்து ‘ஊளையே இல்லை’ என்று சொல்கிறவருக்கு மாறியிருப்பது அநேகமாகக் காதுதான்.

செயின், ஷாஃப்ட், பெல்ட்

கியர்பாக்ஸோடு கதை முடியவில்லை. சக்தியைப் பின்சக்கரத்துக்குக் கொண்டுபோகும் வழியும் பேசும்.

செயின் வண்டிகளில் இந்தப் பேச்சு சாலையின் வேகத்தோடு சேர்ந்து வரும். தளர்ந்த செயின் ஸ்விங் ஆர்மில் அறையும். மிகவும் இறுக்கினால் முனகும், பேரிங்கையும் தின்னும். ஒரு கண்ணி மட்டும் இறுகியிருந்தால், சக்கரத்தைக் கையால் சுற்றும்போது ஒரே இடத்தில் ‘டிக்’ கேட்கும். உயரமான சஸ்பென்ஷன் உள்ள அட்வென்ச்சர் வண்டிகளில், பின்சக்கரம் மேலும் கீழும் அதிகம் போவதால், சாலை வண்டிகளைவிட அதிகத் தளர்வு விடச் சொல்வார்கள். சாதா பைக்கின் கணக்கில் அதை இறுக்கிக்கொண்டு போய், பிறகு கியர்பாக்ஸ் அழுகிறது என்று திரும்பி வருகிறவர்கள் உண்டு.

ஷாஃப்ட் டிரைவ் அமைதியானது என்பார்கள். பெரும்பாலும் உண்மை. பிஎம்டபிள்யூ தன் முதல் மோட்டார் சைக்கிளான ஆர் 32-ஐ 1923-ல் ஷாஃப்ட்டோடுதான் விற்றது. கோல்டுவிங் 1975-ல் பிறந்த நாளில் இருந்தே ஷாஃப்ட் வண்டி. ஆனால், செயின் போல இழுபட்டுக் கொடுக்கும் பொருள் அங்கே எதுவும் இல்லை. டாக்கின் இடைவெளி, ஷாஃப்ட்டின் பள்ளங்களில் உள்ள இடைவெளி, யுனிவர்சல் ஜாயின்ட், பின்சக்கரத்தில் விசையைத் திருப்பும் கூம்புப் பற்சக்கரங்களின் இடைவெளி என எல்லாம் கூட்டலாகச் சேர்ந்து, த்ராட்டிலை மூடித் திறக்கும்போது ஒரே ‘டங்’ ஆக வெளிவருகிறது. செயின் வண்டியில் இருந்து ஷாஃப்ட்டுக்கு வருகிறவர்கள் மணிக்கட்டைக் கொஞ்சம் மெதுவாகத் திருப்பக் கற்றுக்கொள்வதுதான் இதற்கு மருந்து.

ஹார்லி டேவிட்சனின் பெரிய டூரிங் வண்டிகளில் பின்சக்கரத்துக்குப் பெல்ட். பெல்ட் சுத்தமாக இருந்தால் மௌனி. மண் படிந்தாலோ கோணம் பிசகினாலோ பறவை மாதிரி கீச்சிடும். அதே வண்டியில் இன்ஜினையும் கிளட்ச்சையும் இணைப்பது தனியொரு செயின் என்பதால், ஐடிலில் இடது பக்கத்தில் இருந்து வரும் தட்டலுக்குப் பின்சக்கரத்தோடு சம்பந்தமில்லை.

ரோபோ மாற்றும் கியர்

2010-ல் ஹோண்டா விஎஃப்ஆர் 1200 எஃப் வழியாக இரட்டைக் கிளட்ச் கியர்பாக்ஸை மோட்டார் சைக்கிளுக்குக் கொண்டுவந்தது. 2018-ல் புதுப்பிக்கப்பட்ட கோல்டுவிங்கில் அது ஏழு கியர் ஆயிற்று. ஒற்றைப்படைக் கியர்களுக்கு ஒரு கிளட்ச், இரட்டைப்படைக் கியர்களுக்கு இன்னொன்று. மூன்றில் போய்க்கொண்டிருக்கும்போதே நான்கு தயாராகக் காத்திருக்கும். ஒன்று விட, மற்றொன்று பிடிக்க, மாற்றம் முடிந்துவிடும்.

முதன்முதலாக இதை ஓட்டுகிறவர் திடுக்கிடும் இடம், நியூட்ரலில் இருந்து டிரைவ் பட்டனை அழுத்தும் கணம். காலோ கையோ எதையும் செய்யாமலேயே உள்ளே ‘டக்’ கேட்கிறது. ஓடும்போதும் அவ்வப்போது காரணமில்லாமல் ஒரு மெல்லிய ‘க்ளிக்’ வரும். அடுத்த கியரைக் கணினி முன்கூட்டியே கோத்துவைக்கும் சத்தம் அது. சாதாரண வண்டியிலும் இதே அளவு சத்தம் இருக்கத்தான் செய்கிறது. அங்கே நம் காலே அதைச் செய்வதால் மூளை எதிர்பார்த்துக் காத்திருக்கிறது. இங்கே செய்கிறவர் வேறு. ஹோண்டாவின் பொறியாளர்களுக்கும் இது தெரிந்தே இருந்தது: 2018 கோல்டுவிங்கில் கியர் மாற்றும் கைகளில் ரப்பர் டேம்பர்களை வைத்தார்கள்.

கிளட்ச்சைப் பிடிக்காமல் மாற்றும் க்விக் ஷிஃப்ட்டர்களும் இதே வகைதான். ஆர்.பி.எம். ஏறி, இன்ஜின் இழுத்துக்கொண்டிருக்கும்போது அவை பட்டு மாதிரி மாற்றும். நகரத்தில் இரண்டாயிரம் ஆர்.பி.எம்-மில் ஒன்றிலிருந்து இரண்டுக்கு மாற்றினால் இடிக்கும். குறைந்த வேகத்தில் கிளட்ச்சைப் பிடித்து மாற்றுவதே வண்டிக்கும் காதுக்கும் நல்லது.

டூரிங் வண்டி ஏன் அதிகம் பேசுகிறது?

கியர்பாக்ஸ்கள் முன்பைவிட மோசமாகிவிட்டனவா? இல்லை. சுற்றியிருந்த மற்ற சத்தங்கள் குறைந்துவிட்டன. பழைய இரும்பு புல்லட்டில் சைலன்ஸரின் ‘டப் டப்’பும் இன்ஜினின் தட்டலும் சேர்ந்து, கியர்பாக்ஸ் என்ன சொன்னாலும் அமுக்கிவிட்டன. இன்று விதிகள் கடுமை. ஓடும் பாதையின் மையக்கோட்டில் இருந்து 7.5 மீட்டர் தள்ளி மைக் வைத்து அளக்கும் சோதனையில், ஐரோப்பா சக்தி மிகுந்த வண்டிகளுக்கு 77 டெசிபல் வரம்பு வைத்திருக்கிறது. இந்தியாவில் 175 சிசிக்கு மேற்பட்டவற்றுக்கு 80. புகைபோக்கியும் காற்று உறிஞ்சியும் வாயைக் கட்டிக்கொண்டன. தண்ணீர்ச் சட்டை போட்ட இன்ஜினின் தட்டல் குறைந்தது. 2023 நவம்பரில் வந்த ஹிமாலயன் 450, ராயல் என்ஃபீல்டின் முதல் தண்ணீர் குளிர்ச்சி இன்ஜினோடு வந்தது. 411 சிசி ஹிமாலயனில் இருந்து அதற்கு மாறுகிறவருக்கு, முன்பு கேட்காத சில சத்தங்கள் புதிதாகக் கேட்பதில் வியப்பில்லை.

இன்னொரு காரணம் கண்ணெதிரிலேயே நிற்கிறது: விண்ட்ஸ்கிரீன். சாதாரண வண்டியில் 100 கிலோமீட்டர் வேகத்தில் ஹெல்மெட்டுக்குள் காற்றின் இரைச்சல் 95 டெசிபலை ஒட்டி இருக்கும். அந்த அலறலில் கியரின் ஊளை மூழ்கிவிடும். டூரிங் வண்டியின் உயரமான கண்ணாடி காற்றைத் தலைக்கு மேலே தள்ளிவிடுகிறது. கூடவே, கீழே இன்ஜினில் இருந்து வரும் சத்தத்தைப் பிரதிபலித்து ஓட்டுகிறவரின் முகத்துக்கே அனுப்புகிறது. கோல்டுவிங் போல மின்சாரத்தில் ஏறி இறங்கும் கண்ணாடி உள்ள வண்டியில் இதை நேரடியாகவே சோதிக்கலாம். ஒரே கியரில், ஒரே வேகத்தில் போகும்போது கண்ணாடியை உயர்த்தினால் ஊளை கேட்கும். இறக்கினால் காற்றில் கரைந்துவிடும். கியர்பாக்ஸுக்கு எதுவும் ஆகவில்லை.

காது அடைப்பான் போட்டு ஓட்டுவது கேட்கும் திறனைக் காக்கிறது. அமெரிக்கத் தொழில்நலக் கழகமான நியோஷின் கணக்குப்படி 94 டெசிபலில் ஒரு நாளைக்கு ஒரு மணி நேரமே பாதுகாப்பானது. 100 டெசிபலில் 15 நிமிடம். அடைப்பான்கள் உயர்ந்த சுருதியை நன்றாக வெட்டுவதால் ஊளையும் போய்விடும். சத்தத்தை ஆராய விரும்பும் நாளில் மட்டும் குறைந்த வேகத்தில் அவற்றைக் கழற்றினால் போதும்.

முதல் ஆயிரம் கிலோமீட்டர்

உண்மையிலேயே ஓட ஓட மாறுவது என்ன? கிளட்ச் தட்டுகள் படிகின்றன. கியரை நகர்த்தும் உருளையும் கவைகளும் தங்கள் தடத்தில் பழகுகின்றன. டாக்குகளின் கூர்மையான விளிம்புகள் சற்றே மழுங்குகின்றன. இந்தத் தேய்மானத்தில் வரும் உலோகத் துகள்கள் ஆயிலில் மிதக்கின்றன. முதல் சர்வீஸ் சீக்கிரமே வருவதற்கு இதுவும் காரணம்: ராயல் என்ஃபீல்டில் 500 கிலோமீட்டர் அளவில், ஹோண்டா, பிஎம்டபிள்யூவின் பெரிய வண்டிகளில் ஆயிரத்தை ஒட்டி. அந்த ஆயிலை மாற்றியதும் கியர் மென்மையாக விழுகிறது என்று பலர் சொல்வது பிரமை இல்லை.

வடிகால் திருகில் காந்தம் உள்ள வண்டிகளில், முதல் சர்வீஸின்போது அதைப் பார்க்கக் கேட்கலாம். சாம்பல் நிறத்தில் பசை போல நுண்ணிய தூள் ஒட்டியிருந்தால் அது படிந்து பழகும் தேய்மானம். விரலில் உறுத்தும் செதிலோ துண்டோ இருந்தால், ஏதோ உடைந்திருக்கிறது.

ஆயிலைப் பற்றி இன்னும் ஒன்று. பெரும்பாலான பைக்குகளில் இன்ஜின், கிளட்ச், கியர்பாக்ஸ் மூன்றுக்கும் ஒரே ஆயில். கியர்ப் பற்கள் அதன் நீண்ட மூலக்கூறுகளை நசுக்கி நறுக்குவதால், கிலோமீட்டர் ஏற ஏற அது மெலிந்து கியரின் சத்தம் கூடும். அடுத்த ஆயில் மாற்றும் நாள் நெருங்கியதைக் காதே சொல்லிவிடும். எரிபொருள் மிச்சப்படுத்தும் கார் ஆயிலை ஊற்றுவது இதற்குத் தீர்வல்ல; அதில் உள்ள வழுக்கும் சேர்மானம் கிளட்ச்சை நழுவச் செய்யும். ஜப்பானியத் தரநிலையான ஜாசோ எம்ஏ அல்லது எம்ஏ2 முத்திரை டப்பாவில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஹார்லியின் பெரிய வண்டிகளில் இந்தப் பிரச்சினைக்கு வேறு விடை: இன்ஜின், பிரைமரி செயின், கியர்பாக்ஸ் மூன்றுக்கும் தனித்தனி ஆயில்.

பழகக் கூடாதவை

திரும்பத் திரும்ப வரும், தீங்கு செய்யாத ஒலியை மூளை ஒதுக்கிவைக்கிறது. ரயில் தண்டவாளத்துக்குப் பக்கத்தில் குடியிருக்கிறவர்கள் தூங்குவது இந்தப் பண்பால்தான். வண்டி ஓட்டுகிறவருக்கு இது வரமும் ஆபத்தும். மெதுவாக, நாளுக்கு நாள் வளரும் சத்தத்தையும் மூளை அதே கணக்கில் சேர்த்து ஒதுக்கிவிடும். பல நாள் கழித்து வண்டியை வாங்கி ஓட்டும் நண்பர் ‘என்னடா இப்படிக் கத்துது?’ என்று கேட்கும்போதுதான் உறைக்கும். முதல் சர்வீஸ் முடிந்ததும் ஐடில், கிளட்ச் பிடித்தது, விட்டது, ஒவ்வொரு கியரிலும் சீரான வேகம் என்று செல்போனில் பதிவு செய்துவைத்து, ஒவ்வொரு சர்வீஸிலும் ஒப்பிட்டுப் பார்ப்பவர்கள் புத்திசாலிகள்.

சந்தேகம் வந்தால் கேட்க வேண்டிய கேள்விகள் சிலவே. எல்லா கியரிலும் வருகிறதா, ஒரே ஒரு கியரிலா? ஒரே கியரில் மட்டும் புதிதாக அரைத்தால் அந்த ஜோடியில் கோளாறு. சத்தம் ஆர்.பி.எம்-மோடு ஏறுகிறதா, சாலை வேகத்தோடா? வாகனங்கள் இல்லாத நேரான சாலையில் அறுபதில் போகும்போது கிளட்ச்சைப் பிடித்து இன்ஜினை ஐடிலுக்கு விட்டுப் பார்க்க வேண்டும். சத்தம் அப்படியே தொடர்ந்து, வண்டி வேகம் குறையக் குறையத் தணிந்தால், அது பெரும்பாலும் செயின், சக்கர பேரிங், பின் டிரைவ் அல்லது டயர். அட்வென்ச்சர் வண்டிகளின் கட்டை கட்டையான டயர்கள் தார்ச் சாலையில் எழுப்பும் ரீங்காரத்தைக் கியர்பாக்ஸ் என்று நினைத்துக் கவலைப்படுகிறவர்கள் பலர்.

சில அறிகுறிகளுக்குப் பொறுமையே கூடாது. போட்ட கியர் முறுக்கும்போது தானாக வெளியே குதித்தால், டாக்கோ கவையோ சேதமாகியிருக்கலாம். பின் டிரைவில் ஆயில் கசிந்தாலோ, ஸ்டாண்டில் நிற்கும்போது பின்சக்கரத்தைப் பிடித்து ஆட்டினால் ஆட்டம் தெரிந்தாலோ வண்டியை ஓட்டக் கூடாது. ஓடும்போது பின்சக்கரம் பூட்டிக்கொள்ளும் அபாயம் அதில் இருக்கிறது. முனகல் உறுமலாகி, கால் பெக்கில் அதிர்வாகவும் உணரப்பட்டால் பேரிங்கைப் பார்க்கச் சொல்ல வேண்டும். வாரன்டி காலத்திலேயே புகாரை எழுத்தில் பதிவு செய்து, ஜாப் கார்டின் நகலை வாங்கிக்கொள்வதும் முக்கியம். ‘கியர் சவுண்ட்’ என்று ஒரே வார்த்தையில் எழுதவிடாமல், ‘சூடான இன்ஜின், நான்காவது கியர், 3,500 ஆர்.பி.எம்., த்ராட்டிலை மூடும்போது மட்டும்’ என்று எழுதவைத்தால் மெக்கானிக்கின் வேலை பாதியாகும். ‘எல்லா வண்டியிலும் இப்படித்தான் சார்’ என்று அனுப்பிவைப்பதும் அவ்வளவு சுலபமாக இருக்காது.

கியரே இல்லாத வண்டியில்

மின்சார மோட்டார் சைக்கிள் வந்தால் இந்தத் தொல்லைகள் எல்லாம் போய்விடும் என்று ஒரு நம்பிக்கை உண்டு. கிளட்ச் இல்லை, டாக் இல்லை, எனவே ‘டொக்’ இல்லை. அந்த அளவுக்குச் சரி. ஆனால், மோட்டாரின் வேகத்தைக் குறைத்துச் சக்கரத்துக்குத் தரப் பற்சக்கரம் தேவைப்படும் வண்டிகளில், ஊளையை மறைக்க இன்ஜினும் சைலன்ஸரும் இல்லாமல் போய்விட்டன. ஹார்லி டேவிட்சன் 2019-ல் விற்பனைக்குக் கொண்டுவந்த லைவ்வயரில், வண்டியின் நீளவாட்டில் படுத்திருக்கும் மோட்டாரின் விசையைப் பக்கவாட்டுக்குத் திருப்பக் கூம்பு வடிவப் பற்சக்கரங்கள் இருக்கின்றன. அவற்றின் ஊளையை அமுக்க முயலாமல், அதையே வண்டியின் குரலாகச் செதுக்கி விளம்பரப்படுத்தியது அந்த நிறுவனம். வேகம் கூடக் கூட சுருதியும் ஏறும் அந்த ஒலியைச் சிலர் ஜெட் என்கிறார்கள். சிலருக்கு அது மிக்ஸி. யமஹா சாய்ந்த பற்களைப் போட்டு ஒழிக்க நினைத்ததையும், ட்ரையம்ஃப் வாடிக்கையாளர்கள் சர்வீஸ் சென்டரில் முறையிட்டதையும் காசு கொடுத்துக் கேட்கும் ஒரு புது வாடிக்கையாளர் கூட்டம் இப்போது உருவாகியிருக்கிறது.